அப்பா இருக்கிறார்

எசின்னேயின் மாமனார் காணாமல் போய் அன்றோடு முப்பத்தெட்டு நாள். கிழங்குத் தோட்டத்துக்குப் போனவர் திரும்பவில்லை. காட்டிலும் ஆற்றிலும் ஊரே தேடிக்கொண்டிருந்தது. அதற்காகப் பேரனுக்குப் பெயர் வைக்கும் நாளைத் தள்ளிப்போட முடியாது.

அவர் இடத்தில் நின்று சடங்குக்கான கோலாக் கொட்டையை உடைத்துப் பெயர் சொல்லப்போகிறவர் அவருடைய தம்பி மாதுகா. எசின்னே குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். தோட்டத்து எல்லைத் தகராறில் அண்ணன்மேல் வெட்டுக்கத்தியை ஓங்கியவர் அவர். கொன்று புதைத்திருப்பார் என்றுதான் ஊரில் பேச்சு.

"சீக்கிரம் உடைண்ணே. பிள்ளைக்கு மீசை முளைச்சிரப் போகுது," என்றாள் மாதுகாவின் தங்கை. யாரும் சிரிக்கவில்லை.

எசின்னேயின் கணவன் ஒபியோரா அப்பாவின் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். முதல் வாரமே உட்கார்ந்துவிட்டான். வீட்டுத் தலைவனின் இடம் காலியாகக் கிடக்கக் கூடாதாம்.

கொட்டையை உடைத்துவிட்டு மாதுகா கைகளை நீட்டினார். "குடும்மா."

கொடுக்காமல் இருக்க வழியில்லை. கொடுத்தாள்.

குழந்தையின் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒன்வுபிக்கோ," என்றார் மாதுகா.

'சாவே, தயவு பண்ணு.' பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் வைக்கிற பெயர் அது. மிரட்டுகிறாரா?

ஒபியோரா எழுந்தான். "என் பிள்ளைக்குச் சாவுப் பேரு வேணாம் சித்தப்பா."

"சாவுகிட்ட கெஞ்சறதுல என்னடா தப்பு? இப்ப நம்மால வேற என்ன செய்ய முடியும்?"

"கெஞ்சவும் வேணாம், ஒண்ணும் வேணாம். பேரை நான் முடிவு பண்ணிட்டேன். நாம்டி."

'என் அப்பா இருக்கிறார்.'

குலவையிட வாயெடுத்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாதுகாவின் தங்கை கையிலிருந்த கள் குடுவையை மெல்லக் கீழே வைத்தாள்.

குழந்தைக்காக ஒபியோரா கை நீட்டினான். மாதுகா தரவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு வந்து எசின்னேயின் மடியில் கிடத்தினார். பிறகுதான் அவன் பக்கம் திரும்பினார்.

"செத்துப்போன அப்பன் பேரனா வந்து பொறந்தாத்தான் நம்ம குடும்பத்துல அந்தப் பேரு."

ஒபியோரா நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

"நாங்க இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். அண்ணன் செத்தது உனக்கு மட்டும் எப்படிடா தெரியும்?"