டூலன் தகப்பனும் தறுதலை மகனும்

1913ஆம் ஆண்டு பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். சிராக்யூஸ் நகரில் மழையும் பனியும் எது முன்னால் விழுவதென்று முடிவு செய்ய இயலாமல் சேர்ந்தே விழுந்துகொண்டிருந்தன. அந்நேரத்தில், மாலுமிச் சட்டையணிந்த சிறிய உருவம் ஒன்று நாடகக் கொட்டகையின் மேடையிலிருந்து பறந்து, வாத்தியக்காரர்களின் பெரிய முரசுக்குள் தலைகீழாக இறங்கியது.

எறிந்தது, மேடையில் தகப்பனாக நின்ற ஆறடித் தாடி. ‘டூலன் தகப்பனும் தறுதலை மகனும்’ என்ற அந்த ஆட்டத்துக்கு அவையினர் எழுந்து நின்று கைதட்டினர். கடைசி வரிசையிலிருந்த எல்பர்ட் குவின்ட் எழுந்து நின்றார், கைதட்டவில்லை. அவர் குழந்தைகள் காப்புச் சங்கத்தின் ஆய்வாளர்.

பதினாறு வயது நிரம்பாத எவரும் மேடையில் ஆடவோ, பாடவோ, குட்டிக்கரணம் போடவோ கூடாதென்பது சட்டம். முரசுக்குள் விழலாமா என்பது பற்றிச் சட்டம் ஒன்றும் கூறவில்லை. அதைக் குவின்ட் தாமே ஊகித்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் அவர் ஒப்பனை அறையில் நின்றார். பெண்ணொருத்தி கொடியில் ஈரக் காலுறைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தாடி கண்ணாடியைப் பார்த்து அமர்ந்திருந்தது. மாலுமிச் சட்டை ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து குச்சி மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தது.

“நீங்கதான் மிசஸ் டூலனா?”

“ஆமா சார், டெல்லா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தலைக்கு மேல காலுறை காயுது.”

“பச்சப் புள்ளைய மூட்டை மாதிரி வீசறீங்களே, நெஞ்சுல ஈரமே கிடையாதா?”

“அத்தனையும் காலுறையிலதான் சார் இருக்கு.”

குவின்ட் தாடியின் பக்கம் திரும்பினார். “மிஸ்டர் டூலன், நீங்க என்ன சொல்றீங்க?”

“அங்க கேக்காதீங்க,” என்றாள் டெல்லா. “ஒரு மாசமா குரல் ஒரு நிலையில இல்ல. முதல் வார்த்தை கரடி, அடுத்த வார்த்தை சேவல். அதனாலதான் ஊமை ஆட்டமா மாத்திட்டோம்.”

சினிமா இன்னும் பேசத் தொடங்காத காலம்; ஊமையாயிருப்பது அன்றைக்கு மோசமான தகுதியும் அன்று. ஃபோர்ட் லீயிலுள்ள சினிமாக் கம்பெனி ஒன்று, தாடியின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வில்லன் வேடம் தருவதாகச் சொல்லியிருந்தது. மூன்று தலைமுறையாகப் பெட்டியும் படுக்கையுமாய் ஊர் சுற்றிய டூலன் குடும்பத்தில், மேடையிலிருந்து திரைக்குப் போகவிருந்த முதல் ஆள் அந்தத் தாடிதான்.

“வர்ற வாரம் படம் பிடிக்க வரச் சொல்லியிருக்காங்க சார்,” என்றாள் டெல்லா. “நீங்க தடை போட்டா இங்க மேடையும் போச்சு, அங்க சினிமாவும் போச்சு. பேப்பர்ல பேரு வந்தா எந்தக் கம்பெனி எங்களைத் தொடும்?”

“அதைப் புள்ளைய எறியறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.” குவின்ட் பெட்டியின் முன் மண்டியிட்டார். “பயப்படாம சொல்லு ராஜா. இந்த மனுஷன் உன்னைத் தினமும் எறியறாரா?”

“தினம் ரெண்டு தடவை,” என்றது கீச்சுக்குரல். “சனிக்கிழமை மூணு.”

“ஐயோ! வலிக்குமாடா?”

“முரசுல விழுந்தா வலிக்காது. முரசுக்காரன் மேல விழுந்தாத்தான் வலிக்கும். வெறும் எலும்பு.”

“உனக்கு வயசு என்ன?”

“நான் ரயில்ல பொறந்தவன் சார். எந்த ஊர்ல பதியறதுன்னு வீட்டுல சண்டை போட்டு, கடைசியில பதியவே இல்ல.”

குவின்டின் கண்கள் கலங்கின. கலங்கிய கண்களோடே பேனாவின் மூடியைத் திருகினார்.

“தடைன்னு எழுதறதுக்கு முன்னாடி,” என்றாள் டெல்லா, “அந்தத் தொப்பியைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க.”

தூக்கினார். தொப்பியோடு பொன்னிறச் சுருள்முடியும் வந்துவிட்டது. அடியில், பல ஆண்டுகள் முயன்றாலன்றிக் கைகூடாத வழுக்கை ஒன்று மின்னியது.

மாலுமிச் சட்டை, மிட்டாயை ஓரமாக வைத்தது. மேல்வரிசைப் பற்களைக் கழற்றி உள்ளங்கையில் ஏந்திக் காட்டியது. மீண்டும் பொருத்திக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து சுருட்டொன்றை எடுத்துப் பற்றவைத்தது.

“முப்பத்தெட்டு முடிஞ்சிருச்சு சார்,” என்றது, இப்போது தன் சொந்தக் குரலில். “மிட்டாய் மட்டும் நெசம்.”

குவின்ட் கடமை தவறாதவர். வழுக்கையில் சாயம் பூசியிருக்கிறதா என்று கட்டைவிரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். சாயம் இல்லை.

“இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் சார்,” என்றார் குள்ளர். “அங்கதான் அரிக்குது.”

“இவர்... உங்களுக்கு யாரு?” என்று டெல்லாவைக் கேட்டார் குவின்ட்.

“எங்க குடும்பத்து ஆளுதான். நீங்க யாரைச் சந்தேகப்பட்டீங்களோ அவரைச் சோதிச்சாச்சு. இனி சட்டம் என்ன சொல்லுதோ அதை எழுதுங்க.”

குவின்ட் தடைத்தாளைக் கிழித்துவிட்டு, வேறொரு தாளில் எழுதினார்: “மேற்படி ஆட்டத்தில் பதினாறு வயது நிரம்பாதவர் எவரும் இல்லையென்பதை நேரில் சோதித்து முடிவு செய்துள்ளேன். தடையில்லை.” தேதியிட்டார். கையொப்பமிட்டார். மை உலரும்வரை ஊதினார்.

“இதைக் குடும்பத் தலைவர் கையிலதான் கொடுக்கணும்,” என்று, எழுந்து நின்ற தாடியை அண்ணாந்து பார்த்துத் தாளை நீட்டினார். “மன்னிக்கணும் மிஸ்டர் டூலன். உங்களைக் கொடுமைக்காரன்னு நினைச்சிட்டேன்.”

தாடி இரு கைகளாலும் தாளை வாங்கிக்கொண்டு, மேலும் கீழும் அசைந்தது. குவின்ட் ஈரக் காலுறைகளுக்கு அடியில் குனிந்து வெளியேறினார்.

கதவு சாத்தப்பட்டதும், குள்ளர் சுருட்டை அணைத்துவிட்டுத் தாடியை நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த ஒட்டுத் தாடியைக் கழட்டிட்டுப் பாலைக் குடிடா மகனே, பதிமூணு வயசுல அப்பனைத் தூக்கி எறியறதுன்னா சும்மாவா?”