ஒரு பிள்ளைக்கான இடம்

பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது அவளுக்கு அடிவயிற்றில் சுள்ளென்று இழுத்தது.

கை அப்படியே நின்றது.

எதிரே உயரக் கதிரையில் ஐசக் வாயைத் திறந்தபடி காத்திருந்தான். ஒன்றரை வயது. பக்கத்தில் மூன்று வயது நிலானி கரட் துண்டுகளை மேசையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டும் அவளுடைய பிள்ளைகள் அல்ல. காலை எட்டு மணிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். மாலை ஆறு மணிக்கு வந்து கூட்டிப்போவார்கள். லண்டனில் அந்தத் தெருவில், வீட்டில் வைத்துப் பிள்ளை பார்ப்பதற்குப் பதிவு பெற்றவள் அவள் ஒருத்திதான். சான்றிதழ் கூடத்துச் சுவரில் தொங்கியது.

மீண்டும் இழுத்தது. பிறகு சூடாக ஏதோ இறங்கியது.

பதினோராவது வாரம்.

பங்குனியில் கலைந்தபோதும் இப்படித்தான் தொடங்கியது.

முதலில் ஐசக்கின் தட்டை எடுத்தாள். சாப்பிடும் பிள்ளையைத் தனியே விடக்கூடாது. அவன் வீரிட்டான். வாயைத் துடைத்து இடுப்பில் தூக்கிக்கொண்டாள். மறுகையால் நிலானியைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கோ, கொஞ்ச நேரம் இஞ்சால இருந்து விளையாடுவம்."

குளியலறை வாசலில் இருவரையும் இருத்தினாள். மரக்கட்டைப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

கதவைப் பாதி திறந்தே விட்டாள்.

பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியவேண்டும். இல்லையென்றால் காதுக்காவது கேட்கவேண்டும். அது விதி. வீட்டில் வேறு ஆளும் இல்லை.

"நிலானி, சிவப்புக் கட்டை எத்தினை இருக்கு?"

"மூண்டு."

"நீலம்?"

"நிறைய."

"எண்ணிச் சொல்லுங்கோ பாப்பம்."

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மஞ்சள் எத்தனை. பச்சை எத்தனை. ஒவ்வொரு கேள்விக்கும் இடையில் பல்லைக் கடித்தாள். கேட்கும்போது மட்டும் குரல் வழக்கம்போல இருந்தது.

கணவன் சுகந்தன் பஸ் ஓட்டுகிறான். ஓட்டும் நேரத்தில் அவனுடைய தொலைபேசி அணைந்திருக்கும்.

பிள்ளைகளின் பெற்றோரை அழைக்கலாம். அழைத்தால் காரணம் சொல்லவேண்டும். கர்ப்பம் என்று அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். பங்குனியில் நான்கு நாள் பிள்ளை பார்க்காமல் விட்டதற்கே ஒரு தாய் பிள்ளையை நிறுத்திக்கொண்டாள்.

அவளும் சுகந்தனும் எல்லாம் யோசித்துத்தான் செய்தார்கள். சித்திரையில் பிள்ளை. புரட்டாதியில் நிலானி பள்ளிக்கூடம் போய்விடுவாள். அதற்குள் இது கவிழ்ந்து படுக்கத் தொடங்கியிருக்கும். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து இந்தக் கம்பளத்திலேயே வளரும்.

"வேலைக்குப் போகேக்க பிள்ளையை ஆரிட்டை விடுறதெண்ட கவலை எங்களுக்கு மட்டுந்தான் இல்லை," என்று சுகந்தன் சிரித்திருந்தான்.

வெளியே சத்தம் நின்றது.

"நிலானி?"

அவள் கதவை நோக்கிக் கையை நீட்டினாள்.

"நிலானி!"

கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

"அன்ரி, முடிஞ்சுதோ?"

கழிவறையில் இருக்கும் நிலானியிடம் அவள் தினமும் கேட்பது. அதே இழுவை. அதே பொறுமை.

அவள் குனிந்து பார்த்தாள்.

"முடிஞ்சுது, செல்லம்."

நிலானி கைதட்டினாள். முடிந்தது என்றால் கைதட்டவேண்டும் என்று பழக்கியவளும் அவள்தான். அவளைப் பார்த்து ஐசக்கும் தட்டினான்.

அவள் கை கழுவினாள். உடை மாற்றினாள். சோற்றைச் சூடாக்கி ஐசக்குக்கு மீதியை ஊட்டினாள்.

பிள்ளைகள் உறங்கியபின் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னாள். மாலையே வரச்சொன்னார்கள். இரத்தப்போக்கு அதிகமானால் உடனே வரச்சொன்னார்கள்.

மூன்று மணிக்குச் சுகந்தன் அழைத்தான். சொன்னாள்.

"வாறன்," என்றான்.

பஸ் சீருடையோடு வந்தவன் அவளருகே வந்து அவள் தலையில் கைவைத்தான். அவ்வளவுதான். பிறகு கம்பளத்தில் உட்கார்ந்து ஐசக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சின்னக் காரை முன்னும் பின்னும் தள்ளினான். ஐசக் எழுந்து போனபிறகும் தள்ளிக்கொண்டிருந்தான்.

ஐசக்கின் தகப்பன் முதலில் வந்தார். ஆறு மணிக்கு நிலானியின் தாய் வதனி.

"குழப்படியோ அக்கா?"

"இல்லை. வடிவாச் சாப்பிட்டவ."

வதனி வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"அக்கா, ஒண்டு கேக்கோணும். என்ர மச்சாளுக்குத் தையில வேலை தொடங்குது. பிள்ளைக்கு அப்ப ஏழு மாதம். உங்களிட்டை ஒரு இடம் சும்மாதானே கிடக்கு?"

கிடந்தது. சின்னப் பிள்ளைகள் மூன்று பேர் வரை வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு வயது நிரம்பாதது ஒன்றுதான். சொந்தப் பிள்ளையும் அந்த எண்ணிக்கையில் சேரும். இரண்டு வருடமாக அவள் மூன்றாவது பிள்ளையை எடுக்கவில்லை.

நிலானியின் குளிரங்கியை எடுத்துக்கொண்டு வந்த சுகந்தன் பின்னால் அப்படியே நின்றான்.

"அதுக்கு ஆள் இருக்கு, வதனி."

"அப்பிடியே? நீங்கள் சொல்லவே இல்லை. எப்பத் தொடங்குதாம்?"

அவள் மெல்லக் குனிந்து நிலானியின் சப்பாத்துப் பட்டியை இழுத்து ஒட்டினாள். பிறகு மற்றக் கால்.

"தெரியேல்லை," என்றாள்.