கார்பன் காப்பி

"ஏன்னா, பாத்திரத்தையெல்லாம் கட்டட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்கோ" என்றாள் ருக்கு.

வாசுதேவன் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தொண்ணூற்றெட்டு மார்ச். ஓட்டு எண்ணிக்கை இரண்டாம் நாள். தூர்தர்ஷன்காரர்கள் முடிவுகளுக்கு நடுவே ஒரு பழைய இந்திப் படத்தைத் துண்டு துண்டாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கதாநாயகி அழும்போதெல்லாம் எங்கேயாவது ஒரு மந்திரி தோற்றார்.

வாசுதேவன் சௌத்ரி சாபின் பி.ஏ. சாப், கரும்பையும் கோதுமையையும் தவிர வேறொன்றும் விளையாத ஒரு வடக்கத்தி மாநிலத்தின் எம்.பி. டில்லியில் அவருக்குப் பெரிய பங்களா. அதன் பின்கட்டில் வாசுதேவன் குடும்பத்துக்கு இரண்டு அறை. சாப் தோற்றால் பங்களா போகும், கூடவே இரண்டு அறையும் போகும். மகள் மதுமதிக்கோ இந்த வாரம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை.

"கொஞ்சம் பொறு. இன்னும் நாலு ரவுண்டு பாக்கி இருக்கு."

"என்னத்தைப் பொறுக்கறது? ஏழு வருஷத்துலே உங்க சாப் தொகுதிப் பக்கம் எத்தனை தடவை போயிருப்பார்? கல்யாணத்துக்கு ரெண்டு, காரியத்துக்கு ஒண்ணு. ஓட்டு எப்படி விழும்?"

"வந்த லெட்டருக்கெல்லாம் பதில் போயிண்டுதானே இருந்தது?"

"போட்டது யாரு, அவரா? அடிபம்பு வரலை, பென்ஷன் வரலைன்னு மூட்டை மூட்டையா வரும். வேறே யாராவதா இருந்தா தூக்கிக் குப்பையிலே போட்டிருப்பா. நீங்கதான் ஒண்ணு விடாம பதில் அடிச்சேள். அதனாலே ஒரு ஓட்டு வந்துதா?"

அடித்தது உண்மைதான். மன்னார்குடி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கற்ற பழக்கம் அது. வந்த கடிதத்துக்குப் பதில் போயாக வேண்டும். அடித்தவர் பெயரின் முதலெழுத்து இடது மூலையில் இருந்தாக வேண்டும். தினமும் பத்துப் பதினைந்து கடிதம், பிரசார சபாவில் படித்த இந்தியில் அடித்து வைப்பார். சாப் போனில் பேசிக்கொண்டே, ஒரு வரிகூடப் படிக்காமல், கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார்.

"சரி, எதிர்த்து நிக்கறாரே அந்த ராம்தனி மாஸ்டர், அவர் எங்கேர்ந்து முளைச்சார்?" ருக்கு விடுவதாக இல்லை. "ரிட்டயரான வாத்தியாராம். ஊராருக்கு மனு எழுதிக் குடுக்கறதுதான் பொழுதுபோக்காம். அவர் வாசல்லே ஜனம் அலைமோதறதைப் பார்த்துட்டு எதிர்க்கட்சி கூப்பிட்டு டிக்கெட் குடுத்துதாமே?"

வாசுதேவன் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். ஒரு மாதமாக அந்தப் பெயரைக் கேட்டாலே அவர் பேச்சை மாற்றிவிடுகிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர் அவர்.

மூன்று மணிக்குக் கதாநாயகி மறுபடி அழுதாள். சௌத்ரி சாப் இரண்டாயிரத்து நூற்றுப் பத்து ஓட்டில் தோற்றார்.

ருக்கு எழுந்து போய் அட்டைப்பெட்டியில் டம்ளர்களை அடுக்கினாள். முந்தானையால் அவள் கண்ணைத் துடைப்பதை வாசுதேவன் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

பங்களா ஆபீஸ் அறையில் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தார். தொகுதியிலிருந்து சாப். இந்தியில் வெடித்தார்.

"வாசுதேவ்! அந்த வாத்தியை யார் இவ்வளவு பெரிய ஆளாக்கினது? எந்தக் கிராமத்துக்குப் போனாலும் 'மாஸ்டர்ஜிகிட்டே போனா வேலை முடியும்'னு சொல்றாங்க. நம்ம ஆள் எவனோ உள்ளுக்குள்ளேயே வேலை பார்த்திருக்கான். எனக்கு அவன் பேர் வேணும்!"

"ஜீ, சாப்" என்றார் வாசுதேவன். வேறு என்ன சொல்வது?

வைத்த கையோடு மறுபடி மணி அடித்தது. இந்த முறை வயதான, நிதானமான ஒரு குரல். அது ஐந்து நிமிடம் பேசியது. வாசுதேவன் 'ஜீ, ஜீ' என்றபடி கேட்டுக்கொண்டார்.

அவர் திரும்பி வந்தபோது ருக்கு மூன்றாவது பெட்டிக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அவிழ்த்துடு. மதுமதி இங்கேயே இருந்து பரீட்சை எழுதட்டும்."

"ஏன், சாப் ஏதாவது ஏற்பாடு பண்ணிட்டாரா?"

"பேசினது மாஸ்டர்ஜி. இதே பங்களாவைத்தான் கேக்கப்போறாராம். நான்தான் பி.ஏ.வா இருக்கணுமாம்."

ருக்கு கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அவருக்கு உங்களை எப்படித் தெரியும்?"

"ஜனங்க அவர்கிட்டே கொண்டுவந்து காட்டற லெட்டர் மூலையிலே 'வா'ன்னு போட்டிருக்கே, அது யாருன்னு ரொம்ப நாளா யோசிச்சிண்டிருந்து, இப்போ விசாரிச்சுத் தெரிஞ்சிண்டாராம்."

அலமாரியிலிருந்து ஒரு தடித்த பைலை எடுத்து, மேலே இருந்த கார்பன் காப்பியை அவளிடம் நீட்டினார். ருக்கு எழுத்துக் கூட்டி இந்தியை வாசித்தாள்.

'ஐயா, தங்கள் மனு கிடைத்தது. டில்லியிலிருந்து இதைக் கவனிக்க நாளாகும். தங்கள் பக்கத்திலேயே ராம்தனி மாஸ்டர் இருக்கிறார். அவர் எழுதித் தந்த மனுக்கள் இங்கே வந்திருக்கின்றன; கெட்டிக்காரர். அவரைப் பாருங்கள், வேலை முடியும். இப்படிக்கு, சௌத்ரி, எம்.பி.'

"அட ராமா! இந்த மாதிரி எத்தனை போட்டேள்?"

வாசுதேவன் பைலை மெதுவாக மூடினார்.

"மாஸ்டர்ஜி ஜெயிச்ச ஓட்டு வித்தியாசத்தை விடக் கொஞ்சம் ஜாஸ்தி."