செவ்வாய்க்கிழமை ஊழியம்

"இன்னிக்கும் பாஸ்டர் இங்கதான் வருவாரு. கையும் களவுமா பிடிக்கணும்" என்றார் சுப்புராயன், திருக்கோவிலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும்.

"பாஸ்டரப் பிடிக்கிறதுக்கு என்னை எதுக்கு இஸ்துக்கினு வந்தீங்க?" என்றாள் மனைவி ராஜாம்பாள். "வூட்ல ஊறப்போட்ட அரிசி அப்படியே கெடக்குது."

"நான் மட்டும் சொன்னா கமிட்டியில நம்ப மாட்டாங்க. சாட்சி வேணும்."

கல்வராயன் மலையடிவாரத்தில் அவர்களுடையது சின்ன சபை. தகரக் கூரை. ஞானஸ்நானம் எடுத்தும் பழைய பெயரை மாற்றிக்கொள்ளாத சுப்புராயன்தான் அதன் செயலாளர்.

பாஸ்டர் தமிழழகன் செவ்வாய்க்கிழமைதோறும் "மலை மேல ஊழியத்துக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். ஆனால் போன வாரம், துக்கம் விசாரிக்க திருக்கோவிலூர் வந்த சபைக்காரர் ஒருவர், அவர் இங்கே வேறொரு பெரிய சபைக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டார்.

"பெரிய சபை. ஏசி இருக்குது. நம்ம தகரக் கொட்டாய வுட்டுட்டு இங்க தாவறதுக்கு அடி போடறாரு."

"நீங்களா ஒண்ணு சொல்லிக்காதீங்க."

"முன்னாடி இருந்தவரும் இப்படித்தான போனாரு? ஒரு வார்த்தை சொல்லாம போனாரு. ரெண்டு மாசம் பிரசங்கம் பண்ண ஆளில்லாம பாட்டுப் பாடிட்டு வூட்டுக்குப் போனோம். மறந்துட்டியா?"

ராஜாம்பாள் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"ஞாயித்துக்கிழமை கமிட்டியில எல்லார் எதிர்லயும் கேப்பேன். அவரு போறதுக்கு முன்னாடி நாமளே மூட்டையக் கட்டச் சொல்லிடணும்."

அந்தச் சபையில் உபவாச ஜெபம் தொடங்கியிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் ஆள் நடக்கும் அளவுக்கு வழி. இருவரும் கடைசி வரிசையில் வழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்தார்கள். ராஜாம்பாள் முக்காட்டை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உனக்கு முக்காடு இருக்குது. நான் மூஞ்சிய இன்னாத்தப் போட்டு மறைக்கிறது?"

"பைபிளத் தொறந்து வச்சுக்கோங்க. அப்படியாவது நாலு வசனம் படிப்பீங்க."

அப்போதுதான் பாஸ்டர் உள்ளே வந்தார். எப்போதும் போடும் வெள்ளைச் சட்டை இல்லை. கட்டம் போட்ட சட்டை. யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். "பரவால்லைங்க" என்று சுவரோரமாகவே உட்கார்ந்துகொண்டார்.

"பாத்தியா? அடையாளம் தெரியக் கூடாதுன்னு சட்டைய மாத்திக்கினு வந்திருக்காரு."

பிரசங்கம் முடிந்தது. ஜெபம் வேண்டியவர்கள் முன்னால் வரலாம் என்றார்கள். பாஸ்டரும் எழுந்தார்.

"சொன்னேன்ல? மேடைக்குப் போறாரு பாரு! இன்னிக்கே அறிமுகம் பண்ணி வைக்கப் போறாங்க."

அவர் மேடை ஏறவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

சுப்புராயனுக்குப் புரியவில்லை. "அங்க எதுக்கு நிக்கிறாரு?"

"சும்மா இருங்க."

வரிசை நகர்ந்தது. பரீட்சைக்குப் பயந்த ஒரு பெண்ணின் தலைமேல் அம்மா, சித்தி, தம்பி எல்லாரும் கை வைத்து ஜெபித்தார்கள். ஆபரேஷனுக்குப் போகிற பெரியவருக்கு மருமகன்கள் இரண்டு பேர். பாஸ்டருக்குப் பின்னால் யாரும் இல்லை.

அவருடைய முறை வந்தது. அந்தச் சபைப் போதகர் வயதில் இளையவர். கையிலிருந்த மைக்கை அணைக்கவில்லை. பேசியது கடைசி வரிசை வரை கேட்டது.

"பேரு சொல்லுங்கண்ணே."

"தமிழழகன்."

"இன்னா வேலை பண்றீங்க?"

கொஞ்சம் தயங்கினார். "ஊழியந்தாங்க. கள்ளக்குறிச்சிக்கு அந்தாண்ட ஒரு சபையில."

போதகர் நிமிர்ந்து பார்த்தார். "ஊழியக்காரரா? ஐயா... நீங்க சொல்லுங்க ஐயா. எதுக்காக ஜெபிக்கணும்?"

"போன வருஷம் என் வூட்டம்மா தவறிட்டாங்க. அதுலேர்ந்து மத்தவங்களுக்கு ஜெபம் பண்ணா வார்த்தை வருது. எனக்குன்னு முட்டி போட்டா ஒண்ணும் வரமாட்டேங்குது."

"உங்க சபையில சொல்லலையா?"

"அடக்கத்தன்னிக்கு அழுதேங்க. எங்க செயலாளரு துண்டக் குடுத்து, 'பாஸ்டரே அழுதா ஜனங்களோட விசுவாசம் இன்னா ஆவும்? தொடச்சிக்கோங்க'ன்னாரு. நல்ல மனுஷன். அவரு சொன்னதும் நாயந்தான். அதுக்கப்புறம் அங்க அழல."

பாஸ்டர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"மலைக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்து உக்காந்துக்கினு போறேன். இன்னிக்குத்தான் வரிசையில நிக்கத் தெகிரியம் வந்துச்சு. அந்தப் பொய்க்கும் சேத்து ஜெபிங்க."

சுப்புராயன் தலையைக் குனிந்துகொண்டார். மடியில் விரிந்திருந்த பக்கத்தில் ஒரு எழுத்தும் கண்ணுக்குத் தெரியவில்லை.

போதகர் கூட்டத்தைப் பார்த்தார். "ஐயாகூட வந்தவங்க யாராவது இருந்தா முன்னால வாங்க. தோள் மேல கை வைங்க. சேந்து ஜெபிக்கலாம்."

"யாரும் இல்லைங்க. தனியாத்தான் வந்தேன்." பாஸ்டர் கண்ணை மூடி முழங்காலிட்டார்.

நடுவழியைத் தாண்டி வந்த ஒரு கை சுப்புராயனின் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"எந்திரிங்க" என்றாள் ராஜாம்பாள். "அவருகூட வந்தவங்களக் கூப்புடறாங்க."