முந்தானைக் கப்பல்

எதிரிக் கப்பல்கள் ஆறு, நம்முடையது ஒன்றே ஒன்று என்று டிவியில் மறுபடியும் சொன்னார்கள். கோகுல்ராஜ் தறியை நிறுத்தவில்லை. முகூர்த்தப் புடவையின் முந்தானையில் ஜரிகையில் ஒரு கப்பலை நெய்துகொண்டிருந்தான்.

"அந்தக் கப்பலே முழுவப் போவுது. முந்தானையில வேற கப்பலா?" என்றார் சித்தப்பா லோகநாதன்.

"முழுவாது சித்தப்பா."

"பேஜார் பண்ணாதடா. கல்யாணத்த நிறுத்திட்டு ஜல்தியா உனக்கு வேற பொண்ணு பாக்கலாம். போளூர்ல நல்ல இடம் இருக்குது."

"நிறுத்த மாட்டேன்."

"சரணடையச் சொல்லிட்டானுங்க. பாரு, இப்பக் கொடிய இறக்கிடுவாங்க."

அதற்குள் அடுத்த செய்தி வந்தது. நம் கப்பல் சரணடைய மறுத்து, ஆறு கப்பல்களையும் எதிர்த்துப் போகிறதாம்.

கோகுல்ராஜ் ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தான்.

"கேட்டீங்களா? என்னைக் கட்டிக்கப் போறவ அந்தக் கப்பல்ல கொடிய இறக்கல. நான் தறிய விட்டு எழுந்துடுவனா?"