மேலாளரின் பொழுதுபோக்கு

மாற்றலாகி வந்த மேலாளர், ஐம்பத்தெட்டு வயதில் குகைகளுக்குள் ஊர்ந்து போவதைப் பொழுதுபோக்காக்கிக்கொண்டார். அதில் அலுவலகத்துக்கே பொழுது போனது.

"நாற்காலியிலேயே சிக்கிக்கிறீங்க. குகையில மாட்டிக்கிட்டா யார் சார் இழுக்கிறது?" என்றார் காசாளர்.

"அதான் பட்டினி கிடக்கேன்யா." மேலாளர் தொப்பையைத் தட்டிக் காட்டினார்.

"இந்த வயசுல யாருக்காக சார் இந்த ஹீரோ வேஷம்?"

மேலாளரும் சேர்ந்து சிரித்தார்.

ஞாயிறு காலை, மனைவி அவர் இடுப்பை அளந்தாள்.

"நல்லா வத்திடுச்சுங்க. இன்னைக்கு நுழைஞ்சிடுவீங்கல்ல?"

"நுழைஞ்சிடுவேன். அந்த இடுக்குல இறங்கி உடம்பை எடுக்க முடியாதுன்னு போன வருஷம் எல்லாரும் கையை விரிச்சாங்க. நம்ம பையனை நானே எடுத்துட்டு வரேன்."

அவள் மகனின் துவைத்த சட்டையை மடித்துப் பையில் வைத்தாள்.

"உள்ள ஒரே ஈரமாமே. இதைப் போட்டுக் கூட்டிட்டு வாங்க."