வேப்ப மரத்தைச் சுற்றி ஒரு கேபிள்

“மரத்தடியில கடப்பாரை படக்கூடாது. சொல்லிட்டேன்!” என்று குறுக்கே வந்து நின்றாள் சுகாசினி.

எலக்ட்ரீஷியன் சிவபாலன் ஓங்கிய கடப்பாரையை இறக்கிவிட்டு அவள் கணவன் விக்னேஷைப் பார்த்தான். ஓரிக்கையில் பாலாற்றங்கரைப் பக்கம் இடம் வாங்கி, வீடு கட்டி, தோட்டத்தில் ஸ்பா தொட்டியும் பதித்தாயிற்று. அதன் ஹீட்டருக்கும் மோட்டாருக்கும் பூமிக்கடியில் கரெண்ட் கொண்டுபோவதுதான் பாக்கி.

“மரத்தாண்ட நேரா போனா கிட்டக்க மேடம், பைப்புல ஒயர் விட்டுடலாம். வேலியோரமா சுத்தினா தூரம். வண்டி ஏறி எறங்குற எடம் வேற, மேல இரும்புக் கம்பி சுத்துன ஆர்மர் கேபிள்தான் போடணும்.”

“அதையே போடுங்க.”

“பேய்க்குப் பயந்து கேபிள் ஊரைச் சுத்தணுமா?” என்றான் விக்னேஷ்.

சுகாசினிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தை அவர்களுக்கு விற்ற மணியம்மாள், அமாவாசை தவறாமல் பொழுது சாயும் நேரத்தில் வந்து அந்த மரத்தடியில் கற்பூரம் ஏற்றுவாள். சத்தமில்லாமல் அழுதுவிட்டுப் போவாள். சொந்த நிலத்திலேயே புதைக்கிற வழக்கம் இந்தப் பக்கம் உண்டு என்று பால்காரர் வேறு சொல்லிவைத்திருந்தார்.

அன்றிலிருந்து சன்னலைத் திறந்தால் மரத்தடியில் யாரோ குந்தியிருப்பது போலிருக்கும். மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி வந்து தொட்டியில் இறங்குவாள். பச்சைத் தண்ணீரானாலும் அதில் கழுத்தளவு கிடந்தால்தான் நடுக்கம் கொஞ்சம் அடங்கும்.

இப்போது வயிற்றில் ஐந்து மாதம். பிள்ளையைச் சுமந்துகொண்டு, செத்தவர்கள் தலைமேல் கரெண்ட் விட அவளுக்கு மனம் வரவில்லை.

“செரி மேடம். இந்த மண்ணும் பாறையாட்டம்தான் கீது. தொட்டிக்குப் பள்ளம் எடுத்தப்ப பொலபொலன்னு வந்துச்சி” என்று கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டான் சிவபாலன்.

ஆர்மர் கேபிள் வந்தது. வேலியோரமாக ஆழப் பள்ளம் வெட்டி, அடியில் மணல் கொட்டி, மேலே செங்கல் அடுக்கி மூடினார்கள். கரெண்ட் கசிந்தால் பட்டென்று அணைந்துவிட ஒரு ட்ரிப்பரும் மாட்டினான் சிவபாலன். மரத்தடியில் ஒரு பிடி மண் கலையவில்லை.

அடுத்த அமாவாசைக்கு மணியம்மாள் வந்தபோது, சுகாசினி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். புண்ணியம் செய்துவிட்ட பெருமை அவளுக்கு.

“அம்மா, ஒயரைக்கூட சுத்திதான் கொண்டுபோனோம். மரத்தடியில தூங்குறவங்கள நாங்க தொடவே இல்ல. யாரும்மா அது?”

மணியம்மாள் திகைத்தாள். “மரத்தாண்டயா? அங்க யாரும் இல்லியேமா. நான் எட்ட நின்னு கும்புட்டுக்கினு போறேன், அவ்ளோதான்.”

“யாருமே இல்லையா!”

இத்தனை நாள் நெஞ்சை அழுத்திய பாரம் சட்டென்று இறங்கியது. சுகாசினி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

மணியம்மாள் சிரிக்கவில்லை. அவள் கண்கள் சுகாசினியைத் தாண்டிப் போயின. அங்கே புது மோட்டார் ஓடி, தொட்டித் தண்ணீர் ஆவி பறக்கக் குமிழியிட்டுக்கொண்டிருந்தது.

“சொன்னா நெலம் விக்காதுன்னு பெரியவன் என் வாயை அடைச்சிட்டான்மா” என்றாள் மெதுவாக. “என் சின்னவன் உன் தொட்டிக்கு அடியில கீறான்.”